செம்பு செவர்லே: சூடான எஞ்சினும் ஆறாத சண்டையும்

கார் எஞ்சின் சூடாகிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு நல்ல மெக்கானிக்கிடம் போனால், அவர் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் சில கேள்விகள் கேட்பார். எப்போது சூடாகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் நன்றாக இழுக்கிறதா? சூடான பிறகு இழுவை குறைகிறதா? வண்டி மேட்டில் ஏறும்போது 'டக டக' என்று நாக்கிங் சத்தம் வருகிறதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நிற்கும்போது மட்டும் சூடானால் விசிறியையும் விசிறி பெல்ட்டையும் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போது மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு நேரத்திலும் சூடானால் இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர், ஹெட் கேஸ்கட் என்று வரிசையாகத் தேட வேண்டும். பழைய காரை வைத்துக்கொண்டு அல்லாடும் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்தான்.

ஆனால் இதே கேள்விகளை, உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, தன்னுடைய சொந்தக் காரைப் பற்றிக் கேட்கத் தயங்கியது. அந்தத் தயக்கம் ஒன்றரை வருடம் நீடித்தது. கடைசியில் விற்ற கார்களை எல்லாம் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. கம்பெனியின் பெயர் ஜெனரல் மோட்டார்ஸ். கார், 1923-ஆம் வருடத்து 'காப்பர் கூல்டு' செவர்லே. தமிழில் சுருக்கமாக 'செம்பு செவர்லே' என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் என்ற தொல்லை

முதலில் கொஞ்சம் அறிவியல். பெட்ரோலை எரித்தால் வரும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாகச் சொன்னால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பெரிய பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் பங்கு சிலிண்டர் சுவரைச் சூடாக்குகிறது. அந்த வெப்பத்தை வெளியே எடுக்காவிட்டால் எண்ணெய் கருகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் காலி.

வெப்பத்தை வெளியே எடுக்க இரண்டு வழி. ஒன்று, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஆறவைப்பது. இன்னொன்று, நேரடியாகக் காற்றால் ஆறவைப்பது. மோட்டார் பைக் எஞ்சினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்குமே, அதுதான் இரண்டாவது வழி. அந்தத் தகடுகளுக்கு 'ஃபின்' என்று பெயர். காற்று படும் பரப்பை அதிகமாக்குவதுதான் அவற்றின் வேலை.

1920-களின் அமெரிக்காவில் தண்ணீர் ஒரு பெரிய தொல்லை. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். உறையும்போது தண்ணீர் விரியும், எஞ்சின் பிளாக் விரிசல் விடும். அதற்காக ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, காலையில் மறுபடி ஊற்றுகிறவர்கள் உண்டு. சிலர் ஆல்கஹால் கலப்பார்கள். ஆனால் எஞ்சின் சூட்டில் அது ஆவியாகிவிடும். இன்று எல்லோரும் ஊற்றும் கூலன்ட் வகை அப்போது சாதாரண மக்கள் கைக்கு வரவில்லை. எத்திலீன் கிளைக்கால் கலவை 'பிரெஸ்டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது 1927-இல்தான்.

இது தவிர ரேடியேட்டர், ஹோஸ் பைப், தண்ணீர் பம்ப் என்று எத்தனை சாமான்கள்! ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் செலவு, ஒவ்வொன்றும் ஒழுகும் வாய்ப்பு. இதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டால் கார் எவ்வளவு மலிவாகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சார்லஸ் கெட்டரிங்.

யார் இந்த கெட்டரிங்?

கையால் கிராங்க் சுற்றி ஸ்டார்ட் செய்த காலத்தை முடித்து வைத்தவர். 1912 காடிலாக் காரில் வந்த எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் அவருடைய வேலை. ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்துக்காரர். அவருடைய கம்பெனியான டெல்கோ பிறகு ஜெனரல் மோட்டார்ஸுக்குள் வந்தது. 1920-இல் டேட்டனில் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவரே தலைவர். சாதாரண ஆள் இல்லை. அவர் சொன்னால் கம்பெனியின் முதலாளிகள் கேட்பார்கள்.

காற்றால் குளிரும் கார்கள் அதற்கு முன்பே இருந்தன. சிராக்யூஸ் நகரத்தின் ஃபிராங்க்ளின் கம்பெனி 1902 முதல் அப்படிப்பட்ட கார்களை விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அவை விலை உயர்ந்த கார்கள். கெட்டரிங் நினைத்தது வேறு. மலிவான, சிறிய, லட்சக்கணக்கில் செய்யக்கூடிய கார்.

அவருடைய யோசனை செம்பு. செம்பு வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் இரும்புச் சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளை ஒட்டிவிட்டால், வெப்பம் சட்டென்று வெளியே வந்துவிடும். பெரிய விசிறி ஒன்று காற்றை இழுத்து அந்தத் தகடுகளுக்கு நடுவே ஓடவிடும். தண்ணீரே வேண்டாம்.

கேட்க எளிது. செய்வது கஷ்டம். செம்பும் இரும்பும் ஒரே அளவு விரிவதில்லை. சூடானால் செம்பு இரும்பைவிட அதிகமாக விரியும். இரண்டையும் பிரேசிங் முறையில் பற்றவைத்த பிறகு, ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறினாலும் அந்த ஒட்டு விடக்கூடாது. ஒட்டில் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், அந்த இடத்தில் வெப்பம் கடக்காது. கெட்டரிங்கின் ஆட்கள் அதற்கென்றே மின் உலையில் வைத்துப் பற்றவைக்கும் முறையை உருவாக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் அது வேலை செய்தது.

கம்பெனியின் அவசரம்

இங்கே வணிகக் கதை உள்ளே வருகிறது. 1920 கடைசியில் அமெரிக்காவில் பெரிய வியாபார மந்தம். ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கிய வில்லியம் டூரண்ட் கடனில் மாட்டி வெளியேறினார். பியர் டூபான்ட் தலைவரானார். 1921-இல் கம்பெனிக்கு 3 கோடியே 80 லட்சம் டாலருக்கும் மேல் நஷ்டம்.

அந்த வருடம் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஃபோர்டின் பங்கு சுமார் 60 சதவீதம். செவர்லேயின் பங்கு சுமார் 4 சதவீதம். வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள், 'செவர்லேயை மூடிவிடுங்கள்' என்றே சொன்னார்கள். கம்பெனியின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் அதை எதிர்த்தார். டூபான்ட் ஸ்லோன் பக்கம் நின்றார். செவர்லே பிழைத்தது.

பிழைத்தால் மட்டும் போதுமா? ஃபோர்டின் மாடல் டி-யோடு விலையில் போட்டி போட முடியாது. அப்படியென்றால் ஃபோர்டிடம் இல்லாத ஒன்று வேண்டும். அந்த ஒன்று கெட்டரிங்கின் செம்பு எஞ்சின் என்று டூபான்ட் உறுதியாக நம்பினார். 1921 ஜனவரியில் நிர்வாகக் குழு முடிவெடுத்தது. செவர்லேக்கு நான்கு சிலிண்டர் செம்பு எஞ்சின். ஓக்லாண்ட் என்ற இன்னொரு பிரிவுக்கு ஆறு சிலிண்டர் செம்பு எஞ்சின்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எஞ்சினை வடிவமைப்பவர் டேட்டனில் இருக்கிறார். அதைத் தயாரித்து விற்க வேண்டியவர்கள் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறார்கள். அந்த எஞ்சின் வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. மேலிடம் முடிவு செய்து அவர்கள் தலையில் வைத்தது. செவர்லேயின் மேலாளர் தன் பழைய தண்ணீர் எஞ்சினையே சீர்செய்து வைத்திருந்தார். அவருக்கு அதுதான் முக்கியம். கெட்டரிங்குக்கோ, இவர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்ற சந்தேகம்.

முதல் சோதனை, முதல் அதிர்ச்சி

1921 இலையுதிர் காலத்தில் முதல் செம்பு எஞ்சின் கார் டேட்டனிலிருந்து ஓக்லாண்ட் பிரிவுக்குப் போனது. பான்டியாக் நகரத்தில் அங்குள்ள ஆட்கள் அதை ஓட்டிப் பார்த்தார்கள். கார் சோதனையில் தோற்றது.

ஓக்லாண்டின் மேலாளர் ஜார்ஜ் ஹேனம் நவம்பரில் டூபான்ட்டுக்குக் கடிதம் எழுதினார். இந்த எஞ்சினைச் சரிசெய்யக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகும், அதுவரை புதிய தண்ணீர் எஞ்சின் கார் ஒன்றைக் கொண்டுவந்து சமாளிக்கப் போகிறோம் என்பது அதன் சாரம்.

இதைப் படிக்கும் யாருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தோன்றும். ஒரே கார். டேட்டனில் ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. பான்டியாக்கில் ஓட்டினால் தோற்கிறது. அப்படியென்றால் இரண்டு ஊர் ஆட்களையும் ஒரே காரில் உட்காரவைத்து, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே மீட்டரை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே வித்தியாசம் வருகிறது என்று பிடிக்க வேண்டும்.

நடந்தது அது இல்லை. கெட்டரிங் மனம் உடைந்து போனார். அவருடைய மனநிலையைப் பற்றித்தான் நிர்வாகக் குழுவுக்குக் கவலை. 1921 நவம்பர் 30 அன்று குழு உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உங்கள் திறமையிலும் உங்கள் எஞ்சினிலும் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்று அதில் உறுதி கொடுத்தார்கள்.

கடிதம் அன்பானதுதான். ஆனால் சிலிண்டருக்குக் கடிதம் படிக்கத் தெரியாது. அங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி 'எஞ்சின் ஏன் தோற்றது?' என்பது. கேட்கப்பட்ட கேள்வி 'யார் கெட்டரிங் பக்கம், யார் எதிர்ப்பக்கம்?' என்பது. அதன் பிறகு ஒன்றரை வருடம் இந்த இரண்டாவது கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்லோனின் இரட்டைப் பாதை

1922 தொடக்கத்தில் செவர்லேயின் மேலாளர் மாற்றப்பட்டார். டூபான்ட் தானே அந்தப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். அதே பிப்ரவரியில் ஃபோர்டில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்து பெயர் வாங்கிய வில்லியம் நூட்சென் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தார். டேட்டன் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு, உடனே தயாரிப்பில் இறக்கலாம் என்றார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நிபந்தனை இருந்தது. முதலில் கொஞ்சமாகச் செய்து, தொழில்நுட்ப ரீதியிலும் விற்பனை ரீதியிலும் சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் அவர் அர்த்தம்.

ஸ்லோன் பொறியியல் படித்தவர். ஆனாலும் எஞ்சின் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல அவர் விரும்பவில்லை. அவர் சொன்னது இதுதான்: செம்பு எஞ்சினை முயற்சி செய்யுங்கள், ஆனால் அது நிரூபணமாகும் வரை பழைய தண்ணீர் எஞ்சினைக் கைவிடாதீர்கள். செவர்லேயில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. காமர்ஸ் பாஷையில் சொன்னால் முழு முதலையும் ஒரே பங்கில் போடாமல் பிரித்துப் போட்டது போல. இந்த முன்ஜாக்கிரதைதான் கடைசியில் செவர்லேயைக் காப்பாற்றியது.

ஓல்ட்ஸ்மொபைல் பிரிவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1923 ஆகஸ்ட் முதல் அது ஆறு சிலிண்டர் செம்பு எஞ்சினுக்கே மாறிவிட வேண்டும், தண்ணீர் எஞ்சின் வேலைகளை நிறுத்த வேண்டும் என்று 1922 நவம்பரில் முடிவானது. நிரூபணம் ஆகாத எஞ்சினை நம்பி ஒரு முழுப் பிரிவு!

நியூயார்க்கில் கைதட்டல்

1923 ஜனவரியில் நியூயார்க் மோட்டார் கண்காட்சியில் செம்பு செவர்லே மேடை ஏறியது. ரேடியேட்டர் இல்லாத கார்! கூட்டம் மொய்த்தது. சுமார் 135 கன அங்குலம், 22 குதிரைத்திறன் கொண்ட சிறிய எஞ்சின். பிப்ரவரியில் 1,000 கார், அக்டோபருக்குள் மாதம் 50,000 கார் என்று தயாரிப்புத் திட்டம் போட்டார்கள்.

விலை? சாதாரண செவர்லேயைவிட சுமார் 200 டாலர் அதிகம். ஃபோர்டின் மாடல் டி டூரிங் கார் அப்போது 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. மலிவான காராக வந்து ஃபோர்டைத் தோற்கடிக்கப் பிறந்த எஞ்சின், பிறக்கும்போதே விலை ஏறிப் பிறந்தது.

இன்னொரு விஷயம். கண்காட்சி நடந்தது ஜனவரியில். நியூயார்க்கில் அது நடுங்கும் குளிர் மாதம். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அதைவிட நல்ல மாதம் இருக்க முடியாது. வெயில் காலம் இனிமேல்தான் வர வேண்டும்.

தயாரிப்பு தொடங்கியதும் சிக்கல்கள் வரிசையாக வந்தன. எஞ்சின் சத்தம், சிலிண்டர் தேய்மானம், கார்புரேட்டர் கோளாறு, கிளட்ச் கோளாறு, விசிறி பெல்ட் கோளாறு. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். தண்ணீர் எஞ்சினில் விசிறி பெல்ட் வழுக்கினாலும் ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் தாங்கும். காற்று எஞ்சினில் அந்தக் கையிருப்பே கிடையாது. விசிறி நின்றால் குளிர்ச்சியும் அப்போதே நின்றது.

எச்சரிக்கையும் கிடையாது. தண்ணீர் எஞ்சின் மிஞ்சிச் சூடானால் நீராவி கிளம்பி ஊருக்கே சொல்லிவிடும். அந்தக் காலத்தில் ரேடியேட்டர் மூடியின் மேல் 'பாய்ஸ் மோட்டோமீட்டர்' என்ற வெப்பமானியைப் பொருத்துவார்கள். ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ளலாம். ரேடியேட்டரே இல்லாத காரில் அதை எங்கே மாட்டுவது? எஞ்சின் சூடாவது ஓட்டுகிறவருக்குத் தெரியும் ஒரே வழி, இழுவை குறைவதும் நாக்கிங் சத்தம் வருவதும்தான்.

மூன்று பொறியாளர்களின் அறிக்கை

1923 மே 10 அன்று ஆல்ஃபிரட் ஸ்லோன் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானார். அவர் பதவிக்கு வந்ததும் நடந்த முக்கியமான விஷயம், வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த மூன்று பொறியாளர்கள் ஓல்ட்ஸ்மொபைலுக்கான ஆறு சிலிண்டர் செம்பு எஞ்சினைச் சோதித்தது. செவர்லேயின் தலைமைப் பொறியாளர் ஓ. இ. ஹன்ட், ப்யூக்கின் தலைமைப் பொறியாளர் டிவாட்டர்ஸ், நார்த்வே எஞ்சின் பிரிவின் மேலாளர் காஷ். மே 28 அன்று அறிக்கை வந்தது.

அறிக்கையின் சாரம் மூன்று விஷயங்கள். ஒன்று, காற்றின் வெப்பம் 60 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது, மிதமான வேகத்தில் ஓட்டினாலே எஞ்சின் மோசமாக முன்கூட்டிப் பற்றிக்கொள்கிறது. இரண்டு, எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறும் வரை சக்தி திருப்தியாக இருக்கிறது. மூன்று, சூடான பிறகு கம்ப்ரஷனும் சக்தியும் குறைந்துவிடுகின்றன. எனவே தயாரிப்புக்குத் தகுதியான நிலையில் இல்லை.

இந்த மூன்று வரிகளில் ஒரு நல்ல மெக்கானிக்கின் மூளை வேலை செய்வதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

60 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் சுமார் 16 முதல் 21 டிகிரி செல்சியஸ். மின்விசிறி கூடத் தேவைப்படாத இதமான வானிலை. வேகமும் மிதம். ஆக, 'யாரோ தாறுமாறாக ஓட்டிக் கெடுத்தார்கள்', 'அன்றைக்கு வெயில் அதிகம்' என்ற சாக்குகள் இரண்டும் முதல் வரியிலேயே அடிபட்டுப் போகின்றன.

குளிர்ந்த நிலையில் சக்தி நன்றாக இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். கார்புரேட்டரோ இக்னிஷன் டைமிங்கோ அடிப்படையிலேயே தவறாக இருந்தால் எஞ்சின் ஆரம்பத்திலிருந்தே தகராறு செய்யும். ஆரம்பத்தில் நன்றாக ஓடி, சூடான பிறகு மட்டும் தளர்ந்தால் குற்றவாளி வெப்பம்தான்.

சூடான பிறகு கம்ப்ரஷன் குறைகிறது என்றால், உள்ளே எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். சிலிண்டர் எல்லாப் பக்கமும் சமமாக ஆறாவிட்டால் அதன் வட்டம் கோணும். அப்போது பிஸ்டன் ரிங் சரியாகப் பதியாது. வால்வு உட்காரும் இடம் கோணினாலும் இதே கதைதான். ஆறிய பிறகு எல்லாம் பழையபடி சரியாகிவிடும். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த மாதிரிக் கோளாறைச் சூடாக இருக்கும்போதுதான் பிடிக்க முடியும்.

முன்கூட்டிப் பற்றுவது என்பது ஒரு விஷச் சுழல். வால்வோ ஸ்பார்க் பிளக்கோ நெருப்பாகச் சூடானால், பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோல் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் தலையில் அடி விழும். சக்தி குறையும், வெப்பம் கூடும். கூடிய வெப்பத்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பற்றும். தண்ணீர் எஞ்சினில், தண்ணீர் கொதிநிலைக்கு மேல் போகாமல் இருக்கும் வரை, சிலிண்டர் சுவரின் வெப்பத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காற்று எஞ்சினில் அப்படி ஒரு கூரை இல்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 1921 டிசம்பரில், கெட்டரிங்கின் அதே ஆய்வுக்கூடத்தில்தான் தாமஸ் மிட்ஜ்லி நாக்கிங்கைக் குறைக்கும் ஈயக் கலவையைக் கண்டுபிடித்தார். நாக்கிங் பற்றி அந்தக் கூடத்துக்குத் தெரிந்த அளவு அன்றைய உலகத்தில் வெகு சிலருக்கே தெரியும். அறிவு குறைவால் இந்த எஞ்சின் தோற்கவில்லை.

100 வாடிக்கையாளர்கள்

கணக்கு இப்படி முடிந்தது. மொத்தம் தயாரான செம்பு செவர்லே கார்கள் 759. அதில் 239 கார்களைத் தொழிற்சாலை ஆட்களே கழித்துப் போட்டார்கள். சுமார் 500 விற்பனைப் பிரிவுக்குப் போனது. அதில் சுமார் 300 டீலர்களுக்கு. டீலர்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கிய சாதாரண வாடிக்கையாளர்கள் சுமார் 100 பேர்.

1923 ஜூனில் செவர்லே எல்லாக் கார்களையும் திரும்ப அழைத்தது. ஓல்ட்ஸ்மொபைலின் செம்புத் திட்டமும் நின்றது.

மாதம் 50,000 என்று திட்டம் போட்டது நினைவிருக்கிறதா? அந்தத் திட்டப்படி போயிருந்தால் 1923 கடைசிக்குள் லட்சக்கணக்கான கார்கள் சாலையில் இறங்கியிருக்கும். அத்தனையையும் திரும்ப வாங்க வேண்டியிருந்தால், ஏற்கெனவே மூடச் சொன்ன செவர்லே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. 1923 அமெரிக்காவில் கார் விற்பனை பிய்த்துக்கொண்டு போன வருடம். பழைய தண்ணீர் எஞ்சின் செவர்லே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. யாரும் ஆர்ப்பாட்டம் செய்யாத, புதுமை எதுவும் இல்லாத அந்தக் கார்தான் கம்பெனிக்குச் சோறு போட்டது.

கெட்டரிங் ஜூன் 30 அன்று ஸ்லோனுக்குக் கடிதம் எழுதினார். எஞ்சினில் அடிப்படைத் தவறு எதுவும் இல்லை, பிரிவுகள் ஒத்துழைக்கவில்லை, அதனால் விலகிக்கொள்கிறேன் என்பது அவர் நிலை. ஸ்லோன் அவரைப் போகவிடவில்லை. செம்பு எஞ்சினுக்கென்று தனி அமைப்பு ஒன்றை டேட்டனில் வைத்து, கெட்டரிங்கே தயாரித்து விற்றுப் பார்க்கட்டும் என்று வழி சொன்னார். திட்டம் மெதுவாக மறைந்து போனது. கெட்டரிங் தங்கினார். 1947 வரை ஆராய்ச்சித் தலைவராக இருந்தார்.

யார் சொன்னது சரி?

இது இன்றுவரை வாதிடப்படும் கேள்வி. கெட்டரிங் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. காற்று எஞ்சின் என்ற யோசனை தவறு இல்லை. ஃபிராங்க்ளின் 1934 வரை காற்று எஞ்சின் கார்களை விற்றது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அதே முறையில் கோடிக்கணக்கில் விற்று உலகத்தையே சுற்றியது. ஜெனரல் மோட்டார்ஸே 1960 மாடல் கோர்வேரில் காற்று எஞ்சினுக்குத் திரும்பியது. அதில் செம்பு இல்லை, அலுமினியம். இரும்போடு செம்பை ஒட்டும் தலைவலியே தேவைப்படவில்லை.

பிரிவுகள் ஆர்வம் காட்டவில்லை என்பதும் உண்மைதான். வேண்டாத பிள்ளையை யார் ஒழுங்காக வளர்ப்பார்கள்? ஆய்வுக்கூடத்தில் ஒரு எஞ்சினைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைப்பது ஒன்று. தொழிற்சாலையில் ஆயிரம் எஞ்சினை அதே தரத்தில் பற்றவைப்பது வேறு. அதற்குப் பொறுமையும் கூட்டுவேலையும் வேண்டும். இரண்டும் அங்கே இல்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. எதிரிகள் சொன்னாலும் நண்பர்கள் சொன்னாலும் எஞ்சின் சூடானது சூடானதுதான். ஓக்லாண்ட் ஆட்களுக்கு அந்த எஞ்சின் பிடிக்கவில்லை என்பதால் அவர்கள் கண்ட கோளாறு பொய்யாகிவிடாது. 1921 நவம்பரில் அவர்கள் சோதனையைக் கையில் எடுத்து, 'எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில், எத்தனை நிமிடம் கழித்து?' என்று கேட்டிருந்தால், 1923 மே மாதத்து அறிக்கை போன்ற ஒன்று ஒரு வருடம் முன்பே கிடைத்திருக்கும். அது கெட்டரிங்குக்கும் நல்லது. எந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நம்பிக்கைக் கடிதத்தைவிட அவருக்கு அதிகம் தேவைப்பட்டது அந்த மூன்று வரிகள்தான்.

ஸ்லோன் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது. 1923 செப்டம்பரில் எல்லாப் பிரிவுகளின் பொறியாளர்களும் ஆராய்ச்சிக் கூடமும் ஒன்றாக உட்கார்ந்து பேச 'பொதுத் தொழில்நுட்பக் குழு' அமைந்தது. 1924-இல் மிச்சிகனின் மில்ஃபர்டில் ஜெனரல் மோட்டார்ஸின் சோதனை மைதானம் திறந்தது. எல்லாப் பிரிவுக் கார்களுக்கும் ஒரே சாலை, ஒரே ஏற்றம், ஒரே அளவுகோல். டேட்டனில் ஒரு ரிசல்ட், பான்டியாக்கில் வேறு ரிசல்ட் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. நூட்சென் 1924-இல் செவர்லேயின் தலைமைக்கு வந்தார். 1927-இல், மாடல் டி நின்றுபோன அதே வருடம், செவர்லே விற்பனையில் ஃபோர்டை முந்தியது.

செம்பு செவர்லே கார்களில் மிக அபூர்வமாகவே சில தப்பின. ஒன்று நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரத்துக் கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று டியர்பார்னில், ஹென்றி ஃபோர்டின் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரைத் தோற்கடிக்கச் செய்தார்களோ அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது!

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், கார் வாங்கக் காசில்லாமல் மேனேஜ்மென்ட் பாடம் மட்டும் படிப்பவர்களுக்கும் இதில் ஒரே செய்திதான். எஞ்சின் சூடாகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், சொல்பவர் நம் ஆளா என்று பார்க்காமல், 'எப்போது சூடாகிறது?' என்று கேட்க வேண்டும்.